அனுமதிக் கட்டணத்தை விதிப்பது யார்?



சமையற்கட்டைச் சற்று நீட்டிக் கட்ட விரும்புகிறீர்கள். பிளான் வரைந்து நகராண்மைக் கழகத்தில் கொடுக்கிறீர்கள். கூடவே கட்டணமும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை நிர்ணயிக்க வேண்டியவர் யார்? மேலே உள்ள அரசாங்கமா, ஊரில் உள்ள மன்றமா? சிறிய கேள்விதான். ஆயினும் இங்கிலாந்து இதற்கு விடை தேடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்தது. நம் நாட்டின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம் பிரிட்டிஷ் முறையைத் தழுவி எழுந்தது. ஆகவே அந்த வரலாறு நமக்கும் பயன்படும்.

நிலம் ஒருவருக்குச் சொந்தமாயினும், ஊர் மன்றத்தின் அனுமதியின்றிப் பொதுவாக அதில் கட்டடம் எழுப்பலாகாது என்று இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மனுக்களை ஆராய அலுவலர்கள் வேண்டுமல்லவா? அந்தச் செலவைப் பொதுப்பணமே சுமந்தது. மனுச் செய்தவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் கட்டணம் வந்தது. அதையும் அமைச்சரே நிர்ணயித்தார். நாடு முழுவதும் ஒரே அளவு.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். லண்டன் மன்றத்தின் செலவும் வயல் சூழ்ந்த ஊர் மன்றத்தின் செலவும் ஒன்றாகுமா? கட்டணம் போதாத இடத்தில், வீடு கட்டாதவரின் வரிப்பணமும் சேர்ந்துதான் குறையை நிரப்பியது.

லண்டனில் உள்ள ரிச்மண்ட் மன்றம் 1985இல் ஒரு வழி கண்டது. மனுச் செய்யுமுன் ஆலோசனை கேட்டு வந்த கட்டட நிறுவனங்களிடம் 25 பவுண்டு வாங்கியது. ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் மன்றத்தின் பக்கம் நின்றன. ஆனால் 1991இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. சட்டம் தெளிவாக அதிகாரம் அளிக்காதபோது, பொது மன்றம் எதுவும் மக்களிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே அதன் சாரம். பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஆலோசனைக்குக் கட்டணம் வாங்க இடமளித்தது. ஆனால் ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் கட்டுப்படுத்தியது.

மனுக் கட்டணத்தையும் மன்றங்களே விதிக்கட்டுமா என்று 2010இல் அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அது நிறைவேறவில்லை. இதற்கிடையே, வீட்டை நீட்டிக் கட்டும் மனுவுக்கு 206 பவுண்டாக இருந்த கட்டணம் 2023 டிசம்பரில் 258 ஆயிற்று. 2025 ஏப்ரலில் 528 ஆயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம், மன்றங்களே கட்டணம் விதிக்க வழி திறந்தது.

இதில் அச்சமும் உண்டு. தோட்டத்தில் ஒரே கடை இருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். கடைக்காரர் சொன்னதே விலை! அனுமதிக்கும் அப்படித்தான், பக்கத்து ஊர் மன்றத்தில் போய் மலிவாக வாங்கிவர முடியாது. அதனால்தான் அச்சட்டம் மூன்று வேலிகளைப் போட்டது. கட்டணம் செலவை மிஞ்சக் கூடாது. வந்த பணம் அந்தப் பணிக்கே செல்ல வேண்டும். தொகை தகாததாயின் அமைச்சர் தலையிடலாம்.

நேயர்களே, உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்துக்கு வேலியும் வேண்டும். நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் பணம் கட்டும்போது, இது எந்தச் சட்டப்படி, எந்தச் செலவுக்கு என்று தயங்காமல் கேளுங்கள். ரசீதையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.