அலாரமா, தனிப்பாதையா?

கட்டுமான வேலையிடத்தில் டிப்பர் ரிவர்ஸ் வரும்போது அதன் பின்னால் நிற்கிற ஆள் ஓட்டுநர் கண்ணில் படமாட்டார். கண்ணாடியில் தெரிவது இரண்டு பக்கவாட்டும்தான். இந்த ஒரு கோளாறுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் வெவ்வேறு இடத்தில் கை வைத்திருக்கின்றன.

அமெரிக்கா வண்டியில் கை வைத்தது. 1970-ல் வந்த சட்டத்தால் பிறந்த ஓஷா என்ற தொழில் பாதுகாப்பு அமைப்பின் விதி இது: பின்பக்கப் பார்வை மறைகிற வண்டியில், சுற்றுப்புற இரைச்சலை மீறிக் கேட்கும் ரிவர்ஸ் அலாரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஒருவர் நின்று சைகை காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று போதும். ஆள் வைத்தால் தினமும் கூலி, அலாரம் ஒருமுறைச் செலவு. முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவா வேண்டும்!

தார் போடும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரம், அதன் பின்னால் முன்னும் பின்னும் உருளும் ரோலர்கள், கலவை கொட்ட வரிசையில் நிற்கும் டிப்பர்கள். எல்லாவற்றிலிருந்தும் ஒரே 'பீப் பீப்'. குனிந்து கலவையை இழுத்துச் சமப்படுத்துகிறவர் அந்தச் சத்தத்தைக் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னை நோக்கி வருவது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கை ஒலித்தது, விலகாதது அவர் தவறு என்று பழியும் அவர் தலையில்தான் விழும். அமெரிக்காவிலேயே வாஷிங்டன் மாநிலம் இதில் திருப்தி அடையவில்லை. டிப்பரின் பின்னால் ஆள் வர வாய்ப்பிருந்தால், அலாரத்தோடு சைகையாளோ கேமராவோ கட்டாயம் என்று இறுக்கிவிட்டது.

பிரிட்டன் கை வைத்தது மனையில். 2015-ஆம் ஆண்டின் கட்டுமான விதிமுறைகள் வண்டியும் ஆளும் ஆபத்தின்றி நடமாடும்படி இடத்தையே அமைக்கச் சொல்கின்றன. கட்டச் சொல்லும் உரிமையாளருக்கும் வடிவமைப்பாளருக்கும்கூட இதில் பொறுப்பு உண்டு. வண்டி ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறினால் ரிவர்ஸுக்கே வேலை இல்லை. நடப்பவர்களுக்குத் தனி வாசல், நடுவே தடுப்பு. பொக்லைன் சுழலும்போது அதன் பின்பாரத்துக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே குறைந்தது அரை மீட்டர் விடச் சொல்கிறது அங்குள்ள வழிகாட்டுதல். இடையில் ஆள் நசுங்காமலிருக்க வைத்த கணக்கு அது.

எனக்குப் பிரிட்டன் வழிதான் சரியென்று படுகிறது. ஆனால் அதற்கு மனை விசாலமாக இருக்க வேண்டும். நெருக்கடியான தெருவில் ஒற்றை வாசல் மனைக்கு இரண்டாவது வாசலை எங்கிருந்து கொண்டுவருவது? அலாரம் வேலை செய்கிறதா என்று ஆய்வாளர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாதை சரியாகத்தான் அமைந்திருக்கிறதா என்பதை அப்படிப் பார்க்க முடியாது.

தார் போடும்போது எந்த நாடானாலும் டிப்பர் பேவரை நோக்கி ரிவர்ஸில்தான் போயாக வேண்டும். அங்கே கடைசியில் மிஞ்சுவது சைகையாள்தான். அவர் தன் பார்வையிலிருந்து மறைந்த கணமே ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சைகையாளே சக்கரத்தில் சிக்கிச் செத்ததும் பிரிட்டனில் உண்டு. அதனால் அவரை முடிந்தவரை நிறுத்தாமலிருக்கவே அந்நாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வண்டிகள் மிகப் பெரிதாக இருக்கும் கல்குவாரி போன்ற இடங்களில் சைகையாளை நிறுத்த அனுமதிக்காமலும் இருக்கலாம். அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அவரைப் பார்ப்பதே கடினம்.