குறிஞ்சியில் விளைந்த பாலை
ஊவாத் தோட்ட மக்களின் பாடல் மரபு: ஒரு வரலாற்று நோக்கு

தெமோதரையின் வளைவைச் சுற்றி இறங்கும் புகையிரதம் உடுவரையைக் கடந்து ஹாலிஎலயில் தரிக்கின்றது. அடுத்த நிலையம் பதுளை. பாதையும் அங்கு முடிவடைகின்றது. 1924 ஆம் ஆண்டில் இப்பாதை பதுளை வரை நீடிக்கப்பெற்றமைக்கு ஊவாவின் தேயிலையை விரைந்து துறைமுகம் சேர்க்கும் தேவை முதன்மைக் காரணமாயிற்று. ஆயின் இத்தண்டவாளங்கள் சுமந்தவை தேயிலைப் பெட்டிகள் மட்டுமல்ல. நாற்பது ஆண்டுகளின் பின், அத்தேயிலையை விளைவித்த மக்களுள் ஒரு பகுதியினரை அவர்தம் குடும்பங்களோடு கப்பலுக்கு அனுப்பிய பாதையும் இதுவேயாயிற்று. ஊவாத் தோட்ட மக்களின் வரலாறு இவ்விரு பயணங்களுக்கும் இடைப்பட்டதாக அமைகின்றது. அவ்வரலாற்றை எழுதியோர் பலர். அதனைப் பாடியோரோ அதனை வாழ்ந்தவர்கள்.

'நீங்கள் யார்?' என்னும் வினா இம்மக்களிடம் மீண்டும் மீண்டும் தொடுக்கப்பெற்றது. தோட்ட நிர்வாகத்தின் செக்றோல் அவர்களை நாட்கூலிக் கணக்காகக் கண்டது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவர்களை ஏனைய தமிழரினின்றும் பிரித்து 'இந்தியத் தமிழர்' எனத் தனியே எண்ணியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. இவ்விடைகள் யாவும் பிறர் அளித்தவை. அம்மக்கள் தாமே அளித்த விடை எது என்று தேடுமிடத்து, அது பாடலிலும் கவிதையிலுமே தெளிவாகக் கேட்கின்றது. அவ்விடையின் வளர்ச்சியைக் கால அடைவில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் திணையும்

தமிழ்ச் செய்யுள் மரபில் மலை குறிஞ்சி நிலம். அதற்குரிய பொருள் புணர்ச்சி. பிரிவுக்கு உரியது பாலை. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் கூறும் விளக்கம். இவ்விளக்கத்துக்கு ஊவாவின் மலைச்சரிவுகளை விடப் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது. இங்கு நிலம் வறளவில்லை. மழையும் பனியும் குறையவில்லை. மனித உறவுகளே இயல்பு திரிந்தன. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலான பகுதிகளின் வானம்பார்த்த ஊர்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பெற்றவர்கள் பச்சை மலையில் குடியேறினர். ஆயின் அவர்கள் பாடியது பிரிவையே. குறிஞ்சி நிலத்தில் பாலைப் பொருள் பாடப்பெற்ற இத்திணை மயக்கமே மலையகக் கவிதையின் தோற்றுவாய் எனலாம்.

வாய்மொழிப் பாடலின் பணி

தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களுட் பல, தமிழகத்தின் உழவர் பாடல் மரபிலிருந்து வந்தவை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும் அவர்களோடு கடல் கடந்தன. மாசி மாதத்துக் காமன் கூத்தும், அதன் இரவுகளில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என இரு அணியினர் மோதும் லாவணியும் லயன்களின் முன்றலில் புதுவாழ்வு பெற்றன. பொன்னர் சங்கர் கூத்தும் அவ்வாறே. இவற்றைக் கொண்டு, இம்மக்களின் பண்பாடு முற்றிலும் இறக்குமதியான ஒன்றே என வாதிடுவோர் உளர். வடிவத்தை மட்டும் நோக்குவோர்க்கு அது உண்மை போலத் தோன்றலாம்; சொற்களை நோக்கின் அவ்வாதம் நிலைக்காது.

இப்பாடல்களுள் வரும் துரையும் கண்டக்கையாவும் கணக்கப்பிள்ளையும் தமிழக உழவனின் பாட்டில் இல்லாதவர்கள். பிரட்டுக்களம், லயம், கொழுந்து, கவ்வாத்து முதலான சொற்கள் தோட்ட வாழ்வில் ஊன்றியவை. இவற்றுள் 'பேர்' என்னும் சொல் தனியே கருதத்தக்கது. தோட்ட வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்குரிய கூலிக் கணக்கு. நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறையின் 'அரைப்பேர்' போடப்படும். ஒருவரின் பெயர் அவர் ஈட்டிய கூலியின் அளவாகச் சுருங்கிய உலகம் அது. அவ்வுலகில் தாலாட்டுப் பாடிய தாய் தன் குழந்தைக்கு மாமன் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சூட்டிப் பாடினாள். ஒப்பாரி வைத்தவள் இறந்தவரை முறைசொல்லி விளித்து அழுதாள். செக்றோலில் எண்ணாக நின்றவர் பாட்டில் உறவாக மீண்டார். சொந்தம் என்பதனைச் சட்டம் வரையறுக்கும் முன்னரே பாடல் வரையறுத்தது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்துப் பெண்களின் பங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கொழுந்து கொய்வோர் பெரும்பாலும் பெண்களே. விடியலின் முன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, நிரை பிடித்துக் கொய்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் வாழ்வில் மனத்தில் உள்ளதை உரைநடையாக வெளியிடும் வாய்ப்பு அவர்களுக்குச் சிறிதே. கங்காணியின் கொடுமையை நேரே கூறின் வேலை போகும். எள்ளலாகப் பாடின் அது பாட்டு. கணவன் மீதுள்ள சினத்தையும், தாய்வீட்டு ஏக்கத்தையும், தெய்வத்தின் மீதுள்ள ஊடலையும் ஒப்பாரியில் வைத்துச் சொல்லின் எவரும் தடுத்தற்கில்லை. ஆதலின் பாடல் இவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. பேசுதற்கு எஞ்சிய இடம் அதுவே.

இரு கும்மிகள்

1869 இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூல் வெளிவந்தது. மலையகத் தோட்டம் பற்றித் தமிழில் அச்சேறிய முதற் செய்யுள் நூல்களுள் ஒன்று அது. பதுளையைச் சேர்ந்த ஆய்வாளர் மு. நித்தியானந்தன் 'கூலித் தமிழ்' (2014) என்னும் தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். கோப்பிப் பயிர்ச்செய்கையின் முறைகளைக் கும்மி மெட்டில் கூறும் இந்நூல், தொழிலாளரை நிர்வாகத்தின் கண்கொண்டே நோக்குகின்றது. நூல் வெளிவந்த அதே ஆண்டிலேயே கோப்பி இலைகளில் துரு நோய் கண்டறியப்பட்டு, அப்பயிரின் வீழ்ச்சி தொடங்கிற்று என்பது வரலாற்றின் முரண்.

கும்மி என்னும் வடிவம் ஒன்றே. நூலில் அமைந்த கும்மி தொழிலாளரைப் பற்றிப் பாடியது. லயன் முன்றலில் கொட்டிய கும்மி தொழிலாளர் தாமே பாடியது. கவிதை இயல்பாகவே எளியோர் பக்கம் நிற்கும் என்னும் எளிய நம்பிக்கைக்கு இவ்வொப்பீடு தடையாகின்றது. யார் பாடுகின்றார், யாருக்காகப் பாடுகின்றார் என்பவற்றைப் பொறுத்தே கவிதை ஒருவரின் அடையாளத்தை மீட்பதாகவோ மறைப்பதாகவோ அமையும்.

மேடையேறிய பாட்டு

துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. கடன் எழுதிய ஒரு துண்டுத் தாளின் வழியே தொழிலாளர் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறிய நிலை அத்துடன் சட்டத்தளவில் நீங்கிற்று. 1924 இல் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை பாரதி பாடல்களைக் கூட்டங்களிற் பாடியதோடு, தொழிலாளர் துயரைத் தாமே பாட்டாகப் புனைந்தும் பாடினார். எழுத்தறியாதோர் மிகுந்திருந்த அக்கூட்டங்களில் தலையங்கம் செய்ய இயலாததைப் பாட்டுச் செய்தது. தனித்தனி லயன்களில் தனித்தனித் துயராக நின்றது, ஒரே மெட்டில் பலர் பாடியவிடத்து ஒரு கூட்டத்தாரின் துயராயிற்று.

ஊவா இம்மாற்றத்துக்குப் புறம்பாக நிற்கவில்லை. 1940 ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தமும் அதனையொட்டிய மோதல்களும் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றவை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் பதுளையும் ஒன்று. ஓராண்டு கழிவதற்குள் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

உரிமை இழந்த பின் எழுந்த குரல்

அவ்வேழு உறுப்பினருள் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த இவர், 1954 இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். சக்தீ அ. பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அது 1969 இல் நூலாயிற்று. பீஜித் தீவின் தமிழ்ப் பெண்களை எண்ணி பாரதி பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாட்டின் தலைப்பை இத்தலைப்பு நினைவூட்டுகின்றது. ஆயின் இரண்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. பாரதி தொலைவில் நின்று இரங்கினார். சி. வி. அம்மண்ணிற் பிறந்து, அம்மண்ணின் மீது தம் மக்களுக்குள்ள உரிமையை நிலைநாட்ட முற்பட்டார். தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்ட முன்னோரே இந்நாட்டின் மீது இம்மக்களுக்குள்ள உறுதிப்பத்திரம் என்பது அக்கவிதையின் உட்பொருள். நாடாளுமன்றத்தில் எடுபடாத வாதம் கவிதையில் நிலைபெற்றது. பிற்காலத்தில் அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலாக வெளிவந்தன.

1960களில் எழுந்த இளைஞர் தலைமுறை இவ்வுரிமையை ஒரு பெயரில் வெளிப்படுத்தியது. 'தோட்டக்காட்டான்' என்னும் வசைக்கும், 'இந்தியத் தமிழர்' என்னும் அரசாங்கச் சொல்லுக்கும் மாற்றாக 'மலையகம்' என்னும் சொல் வேரூன்றியது. அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் மாணவரிடையே ஊட்டிய உணர்வு இதற்கு உரமாயிற்று. ஈழக்குமார் தொகுத்த கவிதைத் தொகுதி 'குறிஞ்சிப்பூ' (1965) எனப் பெயர் பெற்றது. கவிஞர் ஒருவர் குறிஞ்சித் தென்னவன் எனத் தம்மை அழைத்துக்கொண்டார். பதுளைப் பகுதியில் தமிழோவியன், சாரணா கையூம் முதலானோர் எழுதினர். பிரிவைப் பாடிய மக்கள் தம் நிலத்தின் பழந்தமிழ்ப் பெயரைத் தாமே சூடிக்கொண்டனர். பாலையைப் பாடியோர் குறிஞ்சியை உரிமை கோரினர். இப்பெயர் மாற்றம் வெறும் அலங்காரம் அன்று. 'வந்தவர்' என்னும் நிலையினின்று 'இங்குள்ளவர்' என்னும் நிலைக்கு ஒரு சமூகம் கடந்து வந்தமையின் அடையாளம் அது.

இரண்டாம் பிரிவு

அதே பத்தாண்டிலேயே 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சமபாதியாகப் பங்கிடப்பெற்றனர். பேச்சுவார்த்தையில் அம்மக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை. ஒரு குடும்பத்திலேயே சிலர் இந்தியப் பிரசைகளாகவும் சிலர் இலங்கைப் பிரசைகளாகவும் பிரிய நேர்ந்தது. ஹாலிஎல முதலான நிலையங்களில் வழியனுப்ப வந்தோர் வைத்த ஒப்பாரி, இறந்தோருக்கு வைக்கும் அதே ஒப்பாரியே. உயிரோடு இருப்பவரைப் பிரிதற்கென மரபில் தனி வடிவம் இல்லாமையால், சாவுக்குரிய வடிவமே பிரிவுக்கும் பயன்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பற் சேவை 1984 வரை நடந்தது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோர் அங்குச் 'சிலோன்காரர்' எனப்பெற்றனர். இலங்கையில் இந்தியராகவும் இந்தியாவில் இலங்கையராகவும் அழைக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு, இரு கரையிலும் மாறாது உடன் நின்றது பாட்டு ஒன்றே.

எஞ்சி இருந்தோரின் வாழ்வும் எளிதாகவில்லை. 1983 ஜூலை வன்செயல்கள் பதுளை நகரையும் எரித்தன. இப்பின்னணியில் எழுந்த பிற்காலக் கவிதை புலம்பலைக் குறைத்து வினாவைக் கூட்டியது. சு. முரளிதரனின் 'கூடைக்குள் தேசம்' (1988) தன் தலைப்பிலேயே அவ்வினாவை வைக்கின்றது.

கவிதை செய்ததும் செய்யாததும்

கவிதை இம்மக்களுக்குக் காணி பெற்றுத் தரவில்லை, கூலியை உயர்த்தவில்லை. நாடற்ற நிலை நீங்கியது பல்லாண்டுப் போராட்டங்களின் பின் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியபோது, பாதுகாப்பான நிலமும் வீடும் இல்லாமை எத்தகைய கொடுமை என்பதை நாடு கண்டது. அழகிய ஒப்பாரியைப் போற்றிவிட்டு, அவ்வொப்பாரிக்குக் காரணமான லயன் அறையை மறப்பது இலக்கிய இரசனை ஆகாது.

எனினும் கவிதை ஒன்றைச் செய்தது. பிறர் இட்ட பெயர்களால் ஒரு சமூகம் தன்னை மறந்துவிடாதவாறு அது காத்தது. துயரைச் சொல்லுதற்குச் சொல்லும், சொன்னதைக் கேட்பதற்கு உறவும் அதனால் உண்டாயின. 2023 இல், இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழி மறவாதிருந்தமைக்கு ஏடுகளோடு பாட்டும் காரணம் என்பதில் ஐயமில்லை.

அப்பாடல்களைப் பாடிய மூத்த பெண்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு மறைவது இசை மட்டுமல்ல. தமிழில் வேறெங்கும் பதியப்படாத ஒரு சான்றும் மறைகின்றது. ஊவாவின் லயன்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை முன்னரினும் பெருகியுள்ள இந்நாளில், அவர்தம் பாட்டிமாரின் பாடலைச் செவிமடுத்து, பாடியவர் இன்னார், தோட்டம் இது, பாடிய சூழல் இது எனக் குறித்து வைத்தல் அவர்க்குரிய கடன். கூலிக் கணக்கில் மட்டுமே 'பேர்' பெற்றவர்க்கு அவர்தம் பாட்டின் கீழேனும் உரிய பெயர் எழுதப்பட வேண்டும்.