விசைப்பலகை ஊமையாவது ஏன்?

மடிக்கணினியின் விசைப்பலகை திடீரென்று வேலை செய்யாமற் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். விசைகளை முன்னைவிடப் பலமாகத் தட்டிப் பார்ப்பது ஒன்று. கணினியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு ஓடுவது மற்றொன்று. முதலாவதால் நல்ல விசையும் கெடக்கூடும். இரண்டாவதால் சில வேளைகளில் தேவையில்லாத செலவு வந்து சேரும். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று இது நேர்ந்துவிட்டால், செலவோடு ஓர் ஆண்டும் வீணாகலாம்.

மருத்துவர் மருந்து எழுதுமுன் நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிவார். விசைப்பலகைக்கும் நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு விந்தையைக் காணலாம். ஒரு குறையைப் போக்கக் கொண்டுவந்த மாற்றம், தன் பங்குக்குப் புதிய குறை ஒன்றையும் கூடவே அழைத்து வந்திருக்கிறது. இன்றைய மடிக்கணினியில் இந்த மாற்றங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. எந்த அடுக்கு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் எளிதாகும்.

கோல்கள் சிக்கிய காலம்

அமெரிக்காவில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவர், தம் கூட்டாளிகள் இருவருடன் சேர்ந்து 1868-ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கிகளும் தையற்பொறிகளும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் அதைத் திருத்தி அமைத்து, 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அந்தப் பொறியில் ஒவ்வொரு விசையும் ஓர் உலோகக் கோலுடன் இணைந்திருந்தது. கோலின் நுனியில் எழுத்து வார்க்கப்பட்டிருந்தது. விசையை அழுத்தினால் கோல் எழுந்து தாளில் மோதும். அடுத்தடுத்துள்ள இரு கோல்கள் ஒரே சமயத்தில் எழுந்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். விசைப்பலகையின் முதல் பழுது இதுதான். கோல்களை விரலால் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. விசைக்கும் எழுத்துக்கும் நடுவே இருந்தது வெறும் உலோகம். பழுது எங்கே என்பதைக் கண்ணே காட்டிக் கொடுத்தது.

ஆங்கில விசைப்பலகையின் எழுத்து வரிசை இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே அமைக்கப்பட்டது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதை மறுத்தார்கள். தொடக்க காலப் பொறிகளைப் பயன்படுத்திய தந்திப் பணியாளர்களின் தேவைகளே அந்த வரிசையை வடிவமைத்தன என்பது அவர்கள் கருத்து. எப்படியாயினும், ஷோல்ஸின் வரிசைதான் சிறு மாறுதல்களுடன் இன்று உங்கள் விரல்களின் கீழ் இருக்கிறது.

உலோகத்தின் இடத்தில் மின்சாரம்

கணிப்பொறி வந்தபோது எழுத்துக் கோலுக்கு வேலையில்லாமற் போயிற்று. விசை என்பது வீட்டுச் சுவரில் உள்ள மின்விளக்குச் சுவிட்சைப் போன்ற ஒரு சுவிட்சாகிவிட்டது. இப்போது வேறொரு கேள்வி எழுந்தது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்தால் பலகை முழுவதும் கம்பிக் காடாகிவிடாதா?

இதற்குக் கண்ட வழி அழகானது. கம்பிகளைச் சதுரங்கப் பலகையின் கோடுகளைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக அமைத்தார்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களில் விசைகளை வைத்தார்கள். குறுக்கே 8, நெடுக்கே 16 என 24 கம்பிகள் இருந்தால் 128 சந்திப்புகள் கிடைக்கும். பலகைக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு, இந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். எந்தச் சந்திப்பில் மின்னோட்டம் தெரிகிறதோ அந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அந்தச் சில்லு கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை என்பதை இங்கே நினைவில் வையுங்கள். அது அனுப்புவது ஓர் எண் மட்டுமே. அன்றைய பி.சி.யில் 'எஸ்' விசையை அழுத்தினால் 31 என்ற எண் போகும். விரலை எடுத்தால் 159 போகும். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் உள்ள மென்பொருள். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், அதே 'எஸ்' விசை 'இ' என்ற எழுத்தைத் தருகிறது. விசை மாறவில்லை, கம்பி மாறவில்லை. பொருள் மட்டுமே மாறியது.

1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியில், விசைப்பலகையின் எண்களை வாங்கிக் கொடுப்பதற்கென்றே 8042 என்ற சில்லைக் கணினிக்குள்ளும் வைத்தார்கள். அந்தச் சில்லு தனியுருவில் இன்று இல்லை. ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில், வேறொரு கட்டுப்பாட்டுச் சில்லு அதே 8042-இன் வேடத்தில் நின்று விசைகளின் எண்களை வழங்கி வருகிறது.

ஆக, விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று நிலையங்கள் வந்துவிட்டன. முதலாவது சுவிட்சுகளும் கம்பிகளும், இரண்டாவது சில்லு, மூன்றாவது மென்பொருள். இவற்றுள் எது நின்றாலும் விளைவு ஒன்றுதான்: திரையில் எழுத்து விழாது. கண்ணால் மட்டும் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் காலம் இத்துடன் முடிந்தது.

அந்த ஏ.டி. கணினி இயங்கத் தொடங்கும்போது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். விசைப்பலகை சரியில்லை என்றால் 301 என்ற பிழை எண்ணைக் காட்டி, தொடர வேண்டுமானால் 'எஃப் 1' விசையை அழுத்தச் சொல்லும். கெட்டுப்போன விசைப்பலகையில் விசையை எப்படி அழுத்துவது என்று கேட்டுப் பலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஏதோ ஒரு விசை அழுந்திய நிலையிலேயே இருந்தாலும் அந்தப் பிழை தோன்றும். பலகையின்மீது ஒரு புத்தகம் கிடந்தாலும் போதும். அதை எடுத்துவிட்டால் எஃப் 1 வேலை செய்யும்.

மெலிந்ததால் வந்த வினை

1982-இல் கிரிட் காம்பஸ் என்ற கணினி வெளிவந்தது. திரையை மடக்கி விசைப்பலகையின்மேல் மூடும் அமைப்பை அதில் காணலாம். பின்னர் அது அமெரிக்க விண்வெளி ஓடத்திலும் பயணம் செய்தது. மடிக்கும் கணினிகள் பெருகப் பெருக, விசைப்பலகை மெலிந்தாக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. மேசைக் கணினியின் விசைகளில் இருந்த உயரமான சுருள்வில்லுக்கு அங்கே இடமில்லை.

ஆகவே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரத்தைக் கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டுள்ளன. நடுத்தாளில் விசைக்கு ஒரு துளை. விசையை அழுத்தினால் அதன் கீழுள்ள சிறு ரப்பர்க் குமிழ் அமுங்கி, துளை வழியே மேற்கோடும் கீழ்க்கோடும் தொட்டுக்கொள்ளும். விசை ஆடாமல் இறங்க, கத்தரிக்கோலைப் போல் குறுக்காக இணைந்த இரு பிளாஸ்டிக் துண்டுகள் அதைத் தாங்குகின்றன.

இந்த அமைப்பு மலிவானது, மெல்லியது. ஆனால் தூசியும் நீரும் இதற்குப் பகை. தேநீர் சிந்தினால் நீர் உலர்ந்துவிடும். சர்க்கரையும் பாலும் தாள்களுக்கு இடையே தங்கிவிடும். நாளடைவில் மைக்கோடு அரிக்கப்பட்டு அறுந்துபோகும்.

மெலிவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆப்பிள் நிறுவனத்தின் கதை காட்டுகிறது. 2015-இல் அந்நிறுவனம், கத்தரி அமைப்பைவிட 40 விழுக்காடு மெல்லியது என்று கூறி, பட்டாம்பூச்சி என்ற புது விசை அமைப்பை அறிமுகம் செய்தது. விசை இறங்கும் தொலைவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு துகள் புகுந்தாலும் விசை நின்றுவிடலாம், அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழலாம். கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்து அழுத்தக் காற்றை ஊதுமாறு நிறுவனமே அறிவுரை வழங்கியது. 2018 ஜூனில், குறிப்பிட்ட மாதிரிகளின் விசைப்பலகைகளை, வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள்வரை இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குலக் கணினியில் கத்தரி அமைப்பே திரும்பி வந்தது; விசை மறுபடியும் 1 மில்லிமீட்டர் இறங்கியது. பயனாளர்கள் தொடுத்த வழக்கில் 5 கோடி டாலர் தருவதற்கு 2022-இல் நிறுவனம் இசைந்தது. அரை மில்லிமீட்டர் அவ்வளவு விலையுள்ளதாக இருந்தது!

பழுதல்லாத பழுது

எல்லா உறுப்புகளும் நன்றாக இருந்தும் விசைப்பலகை ஊமையாவது உண்டு. கை நடுங்குபவர்களும் விரல்களை எளிதில் அசைக்க முடியாதவர்களும் தட்டச்சு செய்யும்போது, வேண்டாத விசைகளும் அழுந்திவிடுகின்றன. அவர்களுக்கு உதவும் மென்பொருள்களை, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையம் 1980-களில் உருவாக்கியது. ஷோல்ஸ் வாழ்ந்த மில்வாக்கியும் இதே மாநிலத்தில்தான் உள்ளது. இவ்வசதிகள் விண்டோஸ் 95-இல் இடம்பெற்று, இன்றுவரை தொடர்கின்றன.

வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால், வடிகட்டும் வசதியை இயக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். படிக்காமலே 'ஆம்' என்றால், சட்டென்று தட்டும் தட்டுகளைக் கணினி பொருட்படுத்தாது. நடுங்கும் கைக்கு இது பெரிய துணை. விவரம் அறியாதவருக்கோ விசைப்பலகை செத்துவிட்டதாகவே தோன்றும். ஒரு விசையைச் சற்று நேரம் அழுத்தியே பிடித்தபின் எழுத்து விழுகிறதென்றால், இந்த வசதி இயங்குகிறது என்று ஐயுறுங்கள். அமைப்புகள் பகுதியில் அதை நிறுத்திவிடலாம், காசு செலவில்லை.

தேடும் முறை

இனி, நம் விசைப்பலகை நின்றுவிட்டால் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்போம்.

முதலாவதாக, நின்றது ஒரு விசையா, சிலவா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால், பெரும்பாலும் அதன் கீழுள்ள தூசியோ குமிழோதான் காரணம். சில விசைகள் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், அவை ஒரே கோட்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அந்தக் கோடு அறுந்திருக்கும். அவை பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. எல்லாமே நின்றிருந்தால் இணைப்பு நாடா, சில்லு, மென்பொருள் ஆகியவற்றில் ஒன்றை ஐயுற வேண்டும்.

இரண்டாவதாக, யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதிலும் எழுத்து விழவில்லையென்றால் குற்றம் மென்பொருளில் இருக்க இடமுண்டு. விழுந்தால் அன்றைய அவசர வேலையையாவது முடித்துவிடலாம். அதுவும் கிடைக்காவிட்டால், விண்டோஸின் நுழைவுத் திரையிலேயே சுட்டியால் இயக்கக்கூடிய திரை விசைப்பலகை உண்டு.

மூன்றாவதாக, இயங்குதளம் தொடங்குமுன்பே தோன்றும் அமைப்புத் திரைக்குச் செல்ல முயலுங்கள். கணினியை இயக்கியவுடன் எஃப் 2, எஸ்கேப் போன்ற ஒரு விசையை அழுத்த வேண்டியிருக்கும். எது என்பது கணினிக்குக் கணினி மாறும். அங்கே விசைகள் வேலை செய்தால் சுவிட்சும் கம்பியும் சில்லும் நலம் என்று பொருள். பழுது விண்டோஸில் அல்லது அதன் இயக்கியில். மூன்று நிலையங்களில் இரண்டை ஒரே சோதனையில் தள்ளிவிட்டோம்!

நான்காவதாக, சில்லுக்கு ஓய்வு கொடுங்கள். கணினியை அணைத்தாலும் கட்டுப்பாட்டுச் சில்லு மின்கலத்திலிருந்து சிறிது மின்சாரம் பெற்று விழித்தே இருக்கும். அது குழம்பியிருந்தால் சாதாரணமாக அணைத்து இயக்குவது போதாது. மின்னேற்றியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு இயக்குங்கள். மற்றொன்று: 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'அணை' என்ற கட்டளை விரைவுத் தொடக்கத்துக்காகப் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கிறது. 'மீண்டும் தொடங்கு' என்ற கட்டளைதான் இயங்குதளத்தைப் புதிதாகத் தொடங்குகிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கணினியை மூடிப் பக்கவாட்டில் பாருங்கள். நடுப்பகுதி புடைத்திருந்தாலோ விசைகள் மேலெழும்பியிருந்தாலோ, உள்ளே மின்கலம் வீங்கியிருக்கலாம். வீங்கிய லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடியது. மின்னேற்றம் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். அணைத்துவிட்டுத் தேர்ந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். நீர் சிந்தினாலும் உடனே அணைத்து, மின்னேற்றியை எடுத்துவிட்டுக் கவிழ்த்து வைப்பதே முதல் உதவி.

இவ்வளவும் செய்த பிறகு கடைக்குப் போக நேர்ந்தால் தயங்காமல் போகலாம். மெல்லிய கணினிகள் பலவற்றில் விசைப்பலகை மேல்மூடியுடன் சிறு ஆணிகளால் அறையப்பட்டிருப்பதால், அதை மாற்றுவது எளிய வேலையன்று. ஆனால் அங்கே நீங்கள் "கீபோர்டு போய்விட்டது" என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள். "அமைப்புத் திரையிலும் வேலை செய்யவில்லை, வெளிப்பலகை வேலை செய்கிறது" என்பீர்கள். பழுது பார்ப்பவர் எதை மாற்றுகிறார், ஏன் மாற்றுகிறார் என்பதும் உங்களுக்குப் புரியும்.