'5 நொடியில் பூனையைக் கண்டுபிடித்தால் நீங்கள் ஜீனியஸ்': ஒளிந்திருப்பதைத் தேடும் படப் புதிர்கள் உண்மையில் எதைச் சோதிக்கின்றன?

"இந்தப் படத்தில் ஒளிந்திருக்கும் பூனையை 5 நொடியில் கண்டுபிடித்தால் உங்கள் ஐக்யூ 130-க்கு மேல்!" இப்படி ஒரு தலைப்பை இந்த வாரமே நீங்க பார்த்திருப்பீங்க. கிளிக்கும் பண்ணியிருப்பீங்க (நானும்தான்). ஆனா ஐக்யூ என்பது பல வகைத் தேர்வுகளை எழுத வைத்து, அதே வயதினரோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் எண். ஒரே ஒரு பூனையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

அப்போ இந்தப் புதிர்களால் பயனே இல்லையா? இருக்கு, ஆனா வேறு இடத்தில்.

வாலி எப்படி ஒளிகிறார்?

பிரிட்டன் ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டின் 'வேர்ஸ் வாலி?' 1987-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் இவர் பெயர் வால்டோ. சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட சட்டை, குல்லா, கண்ணாடி. இவ்வளவு பளிச்சென்று இருப்பவரை ஏன் உடனே பிடிக்க முடியல?

பச்சைச் சதுரங்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புச் சதுரம் இருந்தால், தேடாமலே கண்ணில் படும். அதே சிவப்புச் சதுரத்தைப் பச்சைச் சதுரங்களும் சிவப்பு வட்டங்களும் கலந்த கூட்டத்தில் போடுங்க. நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பிப்பீங்க. உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி கெலேடும் 1980-ல் முன்வைத்த விளக்கம் இது. ஹேண்ட்ஃபோர்டின் கலையும் இதுதான்: வாலியை மறைப்பதைவிட, அவரைப் போன்றவற்றைப் பக்கம் முழுக்கத் தூவிவிடுவது.

டேட்டாக்காரர்கள் இதையும் விட்டுவைக்கல. 2013-ல் பென் பிளாட், ஸ்லேட் இதழுக்காக 68 படங்களில் வாலி நிற்கும் இடத்தை அளந்தார். பக்கத்தின் அடியிலிருந்து 3 அங்குலத்தில் ஒன்று, 7 அங்குலத்தில் ஒன்று என, ஒன்றரை அங்குல உயரமுள்ள இரண்டே பட்டைகளுக்குள் 53% வாலிகள் இருந்தார்கள். மேல் இடது மூலையில் தேடுவது பெரும்பாலும் வீண். அங்கே வாலியின் அஞ்சலட்டை இருக்கும்.

நேராகப் பார்த்தும் தெரியாத கொரில்லா

2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சிடி ஸ்கேனில் கட்டி தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் படங்கள் தரப்பட்டன. அதில் சாதாரணக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா படம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பார்வை நேராக அதன்மேல் பட்டிருந்தது. மருத்துவர்களின் அலட்சியம் அல்ல இது. 'கட்டியைத் தேடு' என்று சொல்லப்பட்ட மூளை, கட்டி மாதிரி இல்லாததை ஒதுக்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெரமி வுல்ஃப் குழுவின் 2005 ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7% தவறவிட்டார்கள். 100-ல் ஒன்றில் மட்டும் இருந்தபோது அது 30% ஆனது. வாலி கட்டாயம் இருக்கிறார் என்று தெரிவதால் விடாமல் தேடுகிறோம். விமான நிலைய எக்ஸ்ரே திரை முன் உட்காருபவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆயிரம் வரி எக்செல் ஷீட்டில் பிழை தேடும் உங்களுக்கும்தான்.

குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

தாராளமா. ஆனா 'மூளைப் பயிற்சி' என்று நம்பி வேண்டாம். டேனியல் சைமன்ஸ் குழு 2016-ல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வின்படி, பயிற்சி எடுத்த வேலையில்தான் திறன் கூடுகிறது. அன்றாட வாழ்க்கைக்கு அது கைமாறுவதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

பேச்சுக்காக வாங்கலாம். ஜெர்மனியின் அலி மிட்குட்ச் 1968 முதல் வெளியிட்ட படப் புத்தகங்களில் கதை வாசகமே கிடையாது. இவ்வகைப் படங்களுக்கு அங்கே 'விம்மல்பில்டர்' என்று பெயர் (நமக்கு அழுகை மாதிரி கேட்கும், அங்கே 'மொய்க்கும் படங்கள்'). ஏணியில் நிற்பவர் யார், அந்த நாய் எங்கே ஓடுது என்று குழந்தைதான் கதை சொல்லணும்.

வீட்டில் வாலி புத்தகம் இருந்தால் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்க. ஒவ்வொரு காட்சியிலும் வாலி தவிர இன்னும் என்னவெல்லாம் தேடணும் என்று ஹேண்ட்ஃபோர்ட் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். பல பேர் அந்தப் பக்கம் வரை போவதே இல்லை.