நலன் முரணும் வெளிப்படுத்தலும்: காணொளி விளையாட்டு இதழியல் வரலாறும் தமிழ்ச்சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

எழுதுபவருக்கும் எழுதப்படும் பொருளுக்கும் இடையிலுள்ள பொருள்சார் தொடர்பை வாசகருக்கு அறிவித்தல் இதழியல் அறங்களுள் ஒன்று. காணொளி விளையாட்டு இதழியலில் இவ்வறம் மீறப்பட்டபோது எழுந்த விவாதங்களையும், அவற்றின் விளைவாக வந்த விதிகளையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. இந்திய நாளிதழ்களின் தனி ஒப்பந்தங்களும் தமிழ்நாட்டின் இணையவழி விளையாட்டு விளம்பரங்களும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வெளிப்படுத்தல் விதிகள் தனிமனிதரைக் கட்டுப்படுத்திய அளவிற்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: நலன் முரண், வெளிப்படுத்தல், காணொளி விளையாட்டு, தனி ஒப்பந்தம், விளம்பரம்.

முன்னுரை

சேர்வராயன் மலையின் வாழவந்தியில் இருக்கும் இளைஞரும் சென்னையில் இருக்கும் இளைஞரும் ஒரு காணொளி விளையாட்டைத் தெரிவு செய்யுமுன் இன்று ஒரே மதிப்புரையைக் கைபேசியில் காண முடிகிறது. மதிப்புரைப்பவர் அவ்விளையாட்டை விலை கொடுத்து வாங்கினாரா, நிறுவனத்திடம் இலவசமாகப் பெற்றாரா, புகழ்வதற்கென்றே ஊதியம் பெற்றாரா என்பது இருவருக்கும் தெரிவதில்லை. அதை அறிவிக்க வேண்டியவர் யார் என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

நலன் முரண் என்பது குற்றம் நிகழ்ந்துவிட்டது என்று பொருள்படாது. ஒருவர் தம் கடமையை நேர்மையாகச் செய்வதற்குத் தடையாகக்கூடிய வேறொரு நலன் அவருக்கு இருக்கும் நிலையையே அச்சொல் குறிக்கிறது. நூல் மதிப்புரைக்குப் படி அனுப்புவது போல விளையாட்டு நிறுவனங்களும் வெளியீட்டுக்கு முன்பே படிகளை இதழ்களுக்கு அனுப்புகின்றன. அந்நிறுவனங்களே அவ்விதழ்களின் முதன்மை விளம்பரதாரர்களாகவும் இருந்துவந்துள்ளன. ஆகவே இத்துறையில் நலன் முரண் அதன் வருவாய் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

ஒரு மதிப்பெண்ணும் ஒரு பணிநீக்கமும்

2007 நவம்பரில் ஐடாஸ் நிறுவனம் ‘கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. சிநெட் நிறுவனத்தின் கேம்ஸ்பாட் தளத்தில் இவ்விளையாட்டிற்கான விளம்பரங்கள் மிகப் பெரிய அளவில் இடம்பெற்றிருந்தன. அத்தளத்தின் ஆசிரியப் பொறுப்பிலிருந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன் விளையாட்டிற்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் அளித்து எழுதினார். நவம்பர் இறுதியில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். விளம்பர அழுத்தம் காரணமன்று என நிறுவனம் மறுத்தது. அவரோ ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் வாய் திறக்க இயலவில்லை. 2012இல் அக்கட்டுப்பாடு நீங்கிய பின்னரே, விளம்பரதாரரின் அதிருப்தியும் அதற்கு மேலாண்மை பணிந்ததும் தம் நீக்கத்திற்குக் காரணங்கள் என அவர் வெளிப்படையாகக் கூறினார்.

இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தமக்குச் சார்பு ஏதுமின்றி எழுதிய விமர்சகர் வேலையை இழந்தார். விளம்பர வருவாயைச் சார்ந்திருந்த நிறுவனத்தை, அச்சார்பு மதிப்புரைகளை எவ்வாறு பாதிக்கிறது என்று வாசகருக்கு அறிவிக்கக் கோரும் விதி எதுவும் அன்று இல்லை. ஏறத்தாழ நான்காண்டுகள் வாசகர் ஊகத்தை மட்டுமே நம்பியிருந்தனர்.

2014: ஒரே காலத்தில் இரு நிகழ்வுகள்

2014 ஆகஸ்ட்டில், சுயாதீன விளையாட்டு வடிவமைப்பாளரான ஒரு பெண்ணுக்கும் ஓர் இதழாளருக்கும் இருந்த தனிப்பட்ட உறவு சாதகமான மதிப்புரைக்கு வழிவகுத்தது என்ற குற்றச்சாட்டு இணையத்தில் பரவியது. அவ்விதழாளர் அவ்விளையாட்டிற்கு மதிப்புரை எழுதவே இல்லை என்று கோட்டாகு தளத்தின் ஆசிரியர் விளக்கமளித்தார். ஆயினும் ‘கேமர்கேட்’ எனப் பெயர் பெற்ற இயக்கம் இதழியல் அறத்தின் பெயரால் தொடர்ந்தது. பெண் வடிவமைப்பாளர்களும் விமர்சகர்களும் மிரட்டலுக்கு ஆளாகித் தம் வீடுகளைவிட்டு வெளியேறும் நிலை ஏற்பட்டது. இதன் விளைவாகத் தளங்கள் தம் விதிகளைத் திருத்தின. வடிவமைப்பாளர்களுக்குப் பேட்ரியான் வழியாக நன்கொடை அளிக்கக் கூடாதெனக் கோட்டாகு தன் எழுத்தாளர்களுக்குத் தடை விதித்தது. பாலிகன் தளம் அத்தகைய நன்கொடைகளை வெளிப்படுத்த வேண்டுமெனப் பணித்தது.

இதே காலத்தில்தான், 2014 செப்டம்பர் இறுதியில், ‘மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டார்’ வெளிவந்தது. இதைப் புகழ்ந்து காணொளி வெளியிட யூடியூப் படைப்பாளர்களுக்கு வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் சில நூறு டாலர் முதல் பல்லாயிரம் டாலர் வரை வழங்கியது. விளையாட்டின் குறைகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று. விளம்பரதாரரின் ஆதரவு பெற்றது என்ற குறிப்பைக் காணொளிக்குக் கீழுள்ள விளக்கப் பகுதியில் இடுமாறு அறிவுறுத்தப்பட்டது. பலவற்றில் ‘மேலும் காட்டு’ என்பதை அழுத்தினால் மட்டுமே அது தெரிந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016 ஜூலையில் இதை வெளிக்கொணர்ந்தது. இப்பரப்புரைக் காணொளிகள் 55 இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டிருந்தன.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துக் காண்பது பயனுடையது. எழுதப்படாத ஒரு மதிப்புரைக்காக ஒரு பெண் துன்புறுத்தப்பட்ட அதே மாதங்களில், எழுத்து வடிவிலான ஒப்பந்தங்களின்படி மதிப்புரைகள் விலைக்கு வாங்கப்பட்டன. முன்னது பெரும் கூச்சலாயிற்று. பின்னது ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின் ஓர் அரசு ஆணையத்தின் விசாரணையால்தான் முழு அளவில் தெரியவந்தது. தனிமனித உறவு எளிதில் கதையாகிறது. ஒப்பந்தம் கோப்பிலேயே தங்கிவிடுகிறது.

இந்திய நாளிதழ்களின் தனி ஒப்பந்தங்கள்

இம்முறைமை விளையாட்டு இதழியலுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் பென்னட் கோல்மன் நிறுவனம் 2003இல் மீடியாநெட் என்னும் திட்டத்தின் வழி, இணைப்பிதழ்களில் பணம் பெற்றுக்கொண்டு செய்தி வெளியிடும் முறையைத் தொடங்கியது. 2005 முதல், விளம்பர இடத்திற்கு ஈடாக நிறுவனங்களின் பங்குகளைப் பெறும் ‘தனி ஒப்பந்த’ முறை நடைமுறைக்கு வந்தது. தான் பங்கு வைத்துள்ள நிறுவனத்தைப் பற்றியே ஒரு நாளிதழ் செய்தி எழுதும் நிலை இதனால் உருவாயிற்று. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2009இல் இதைப் பத்திரிகை மன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுசென்றது. அத்தகைய செய்திகளில் பங்குரிமையைக் குறிப்பிட வேண்டும் என்பது 2010 ஆகஸ்ட்டில் கட்டாயமென அறிவிக்கப்பட்டது.

2009 மக்களவைத் தேர்தலில் பெருகிய ‘விலைச் செய்தி’ பற்றி ஆராயப் பத்திரிகை மன்றம் பரஞ்சோய் குகா தாகுர்தா, கே. சீனிவாச ரெட்டி ஆகியோர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அக்குழு நாளிதழ்களின் பெயர்களைக் குறிப்பிட்டு 71 பக்க அறிக்கை அளித்தது. மன்றம் 2010 ஜூலையில் பெயர்கள் இல்லாத சுருக்க அறிக்கையையே ஏற்று வெளியிட்டது. 2011இல் மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்ட பிறகே முழு அறிக்கை மன்றத்தின் தளத்தில் இடம்பெற்றது. மறைப்பைப் பற்றிய அறிக்கையே மறைக்கப்பட்ட இந்நிகழ்வு, நிறுவனங்கள் தம்மைத் தாமே வெளிப்படுத்திக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பின் எல்லையைக் காட்டுகிறது.

தமிழ்ச்சூழல்

தமிழில் பொழுதுபோக்கு இதழியல் பற்றிய அறவிவாதம் பழமையானது. சி. என். இலட்சுமிகாந்தன் 1940களில் ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ ஆகிய இதழ்களை நடத்தினார். நடிகர்களின் தனிவாழ்வை எழுதியும், எழுதாமலிருக்கப் பணம் பெற்றும் அவர் இதழ் நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. எம். கே. தியாகராஜ பாகவதர் உள்ளிட்டோர் ஆளுநரிடம் முறையிட்டதையடுத்துச் ‘சினிமா தூது’ நிறுத்தப்பட்டது. 1944 நவம்பரில் அவர் கொலையுண்டார். பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947இல் விடுவிக்கப்பட்டனர். எழுதாமைக்குப் பெறும் பணமும் நலன் முரணே. ஆனால் அவ்விவாதம் ‘மஞ்சள் இதழ்’ நடத்திய ஒருவரின் ஒழுக்கம் பற்றியதாகவே நினைவில் நிலைத்தது. திரைப்பட விளம்பரத்தால் வாழும் இதழ் அத்திரைப்படத்தை எவ்வாறு மதிப்பிடும் என்ற பொதுவினாவாக அது வளரவில்லை.

இன்று அவ்வினா இணையவழி விளையாட்டுகளின் வடிவில் மீண்டும் வந்துள்ளது. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றின் விளம்பரங்களில் பொருளிழப்பு, அடிமையாதல் பற்றிய எச்சரிக்கை இடம்பெற வேண்டுமென இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2020 டிசம்பர் முதல் விதித்தது. சமூக ஊடகப் படைப்பாளர்கள் பணம் பெற்ற பதிவுகளுக்கு அடையாளமிட வேண்டுமென 2021 ஜூனில் வழிகாட்டியது. 2022 அக்டோபரில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவுரை இன்னும் முக்கியமானது. வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் செய்தித் தளங்களின் தோற்றத்தில் மறைமுக விளம்பரம் செய்வதை அது சுட்டியது. செய்திக்குள் விளம்பரம் புகும் நிலை மாறி, விளம்பரத்தின் பொருட்டே செய்தித் தளம் உருவாக்கப்படும் நிலையை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. இணையவழிச் சூதாட்டத்தை விளம்பரப்படுத்துவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்க அது வழிசெய்கிறது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பண விளையாட்டு விளம்பரங்களை நாடு முழுவதும் தடைசெய்தது. பணம் வைத்து ஆடாத பிற விளையாட்டுகளின் மதிப்புரைகள் இத்தடைகளுக்குள் வாரா. அங்கு வெளிப்படுத்தல் ஒன்றே வாசகருக்குரிய காப்பு.

அக்காப்பு சமமானதாக இல்லை. பொருள்சார் தொடர்பை மறைத்துப் பரிந்துரைக்கும் படைப்பாளருக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. செய்தியில் தன் நலனை மறைத்த நாளிதழுக்குப் பத்திரிகை மன்றம் அளிக்கக்கூடியது எச்சரிக்கையும் கண்டனமுமே. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேற்பட்ட தண்டிக்கும் அதிகாரத்தை மன்றத்திற்கு வழங்கவில்லை.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெளிப்படுத்தல் விதிகள் பெரும்பாலும் வாசகரின் நம்பிக்கை குலைந்த பின்னரே தோன்றின. அவற்றுள் வலுவானவை இதழியலுக்குப் புறத்தேயுள்ள அமைப்புகளால் வந்தன. இரண்டாவது, எழுத்தாளரின் நட்பும் நன்கொடையும் விதிக்குள் விரைவில் வந்தன. நிறுவனத்தின் விளம்பர வருவாயும் பங்குரிமையும் தாமதமாகவே, அதுவும் குறைந்த வலிமையுடன் வந்தன. மூன்றாவது, வெளிப்படுத்தல் எங்கே இடம்பெறுகிறது என்பது அதன் பொருளையே தீர்மானிக்கிறது. வாசகர் காணாத இடத்தில் எழுதப்பட்ட குறிப்பு மறைத்தலுக்கு நிகரானது.

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதுவோர் இதழ்களின் கொள்கை, நடை, ஆசிரியர் ஆகியவற்றோடு அவற்றின் வருவாய் வரலாற்றையும் ஆராய வேண்டும். திரைப்பட இதழ்களில் விளம்பரமும் விமர்சனமும் எவ்வாறு அருகருகே அச்சேறின என்பதைப் பக்கவாரியாக ஒப்பிடுவது அவ்வாய்வின் முதற்படியாக அமையும். அத்தகைய அடிப்படை ஆய்வு இருப்பின், தமிழில் வளர்ந்துவரும் விளையாட்டு மதிப்புரைகளுக்கான நெறியைக் கூச்சலுக்கு இடமின்றிச் சான்றுகளைக் கொண்டு வகுக்க இயலும்.