மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்துக்கு வாற ஆக்கள் கட்டாயம் படம் எடுக்கிற சாமான்களில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் அடக்கம். "வெள்ளைக்காரன்ர சாமான், அதுதான் இவ்வளவு காலம் நிண்டுபிடிக்குது" எண்டொரு விளக்கமும் கூடவே வரும். அதில் அரைவாசிதான் உண்மை. இங்கிலாந்திலேயே அந்தக் கார்களில் பெரும்பாலானவை கறள் பிடித்து எப்பவோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இங்கே அவை நிலைத்ததற்கு முக்கிய காரணம், புதுசு வர வழி இல்லாமல் போனது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. வெளிநாட்டுக்குக் கார் விற்கிற கம்பனிகளுக்கே இரும்பை முன்னுரிமையாகக் கொடுத்தார்கள். 1948இல் வந்த மொறிஸ் மைனரும், 1952இல் வந்த ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றும் இலங்கைத் தெருக்களில் நிறைந்த பின்னணி அதுதான். அப்போது அங்கே பங்கீட்டில் கிடைத்த பெற்றோல் தரம் குறைந்தது. அந்தப் பெற்றோலுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதால் எஞ்சின்களைக் குறைந்த அமுக்க விகிதத்தில், கிட்டத்தட்ட ஏழுக்கு ஒன்று என்ற அளவில், செய்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுகியது. இருக்கிறதைத் திருத்தி ஓடுகிற பழக்கம் நாடு முழுக்க அப்போதே வந்துவிட்டது. (பழைய காரின் வயதைத் தகட்டில் பார்க்கலாம். 1957இல் சிங்கள ஸ்ரீ வருவதற்கு முன் பதிந்தவற்றில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காக நடந்த போராட்டம் தனிக் கதை.) 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறபட, யப்பான் கார்கள் வந்து குவிந்தன. தெற்கில் ஒஸ்ரின் மெல்ல ஒதுங்கியது. வடக்கில் அது நடந்து முடிய முதலே யுத்தம் வந்துவிட்டது.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்க, பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் அரசாங்கத்தின் தடைப்பட்டியலுக்குள் போயின. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அப்போதுதான் அந்தக் குறைந்த அமுக்க எஞ்சினின் அருமை தெரிந்தது. அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரங்காலம் இல்லாமல் வெடித்து எஞ்சினையே உடைக்கும். ஏ40 அதைப் பொறுத்துக்கொண்டது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி பலங்குறைந்து ஸ்ராட்டரைச் சுத்த முடியாமல் போனாலும் கவலையில்லை. முன்பக்கத்தால் ஹாண்டிலைச் செருகிச் சுத்தினால் போதும். அந்த வசதி யப்பான் கார்களில் இல்லை.

இதை வெறும் சாமர்த்தியக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை இளக்கிவிடும். பெயாரிங் தேயும், பிளக் கரிபிடிக்கும், புகை கண்ணை எரிக்கும். அந்தக் கார்தான் வருத்தக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்குப் போறவையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பாதி வழியில் அது நின்றால் என்ன நடக்கும் என்ற பயத்தோடுதான் ஆட்கள் ஏறினார்கள். கராஜ்காரர் பழைய துண்டுகளை ஒட்டியும் கடைந்தும் ஓடவைத்தது பெருமைக்காக இல்லை, வேறு வழி இல்லாததால்.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் யப்பான் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து சேர, ஒஸ்ரின்கள் மெல்ல மெல்லக் கலியாண வீட்டு அலங்காரமாகின.

இப்போது திரும்பவும் பழைய கார் தேடுகிறோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் வரியோடு சேர்ந்த விலை எங்கட சம்பளத்துக்கு எட்டாது. மலிவாக ஒரு ஒஸ்ரினோ மொறிஸோ கண்ணில் பட்டால் ஆசை வருவது நியாயம்தான்.

வாங்கப் போறவை எஞ்சினை முதலில் பார்க்காதையுங்கோ. அதைத் திருத்தலாம். கேம்பிறிச்சில் இருந்த எஞ்சினின் குடும்பந்தான் இந்தியாவின் அம்பாசடரிலும் ஓடியது, அதனால் பாகம் தேட ஒரு வழி இருக்கிறது. மைனருக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் பாகம் செய்கிறார்கள். அடித்தட்டைப் பாருங்கோ. உப்புக்காத்தில் நின்ற காரின் தரைத்தகடு விரிப்புக்குக் கீழே கடதாசி மாதிரி இருக்கும், அதை வெட்டி ஒட்டுற செலவு காரின் விலையையே தாண்டலாம். அதோடு, காபறேற்றரைச் சத்தம் கேட்டே சரிபண்ணத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா எண்டும் விசாரியுங்கோ. தடைக்காலத்தில் கராஜில் தொழில் பழகிய பெடியன்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. அவர்களின் பிள்ளைகள் பலர் கராஜ் பக்கம் போகவில்லை.