கட்டுவது எளிது, பிரிப்பதில்தான் கவனம்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறோம். வங்கியின் கணினியில் அந்தக் கணக்கு பல பகுதிகள் கொண்டது. பெயர், இருப்புத்தொகை, கொடுக்கல் வாங்கல் பட்டியல் என எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும். நிரல் எழுதுவோர் இதைப் ‘பொருள்’ என்பார்கள். ஆனால், இணையத்தின் வழியே பொருள் அப்படியே பயணம் செய்ய முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ‘சரம்’தான் போகும். ஆகவே, பொருளைச் சரமாக்கி அனுப்புகிறார்கள். மறுமுனையில் சரத்தை மீண்டும் பொருளாக்குகிறார்கள்.

கடையில் அலமாரியைப் பலகைகளாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள் அல்லவா? வீட்டில் நாம் குறிப்புத்தாளைப் பார்த்துப் பூட்டிக்கொள்கிறோம். இதுவும் அதே வேலைதான். இந்த வேலையின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெரிகிறது. பெரிய ஆபத்துகள் கட்டும்போது வரவில்லை, பிரிக்கும்போதுதான் வந்தன.

அடைப்புக்குறிக்குள் ஓர் உலகம்

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்கார்த்தி, ‘லிஸ்ப்’ எனும் கணினி மொழியை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அம்மொழியில் எந்தப் பட்டியலையும் அடைப்புக்குறிக்குள் எழுத்தாக எழுதலாம். அதைக் கணினி படித்து, மீண்டும் அதே பட்டியலை உருவாக்கிக்கொள்ளும்.

நிரலையும் அதே அடைப்புக்குறி வடிவில் எழுத முடிந்தது. மனிதர்கள் நிரல் எழுத வேறொரு வடிவத்தைத்தான் மெக்கார்த்தி எண்ணியிருந்தார். நிரலாளர்களோ அடைப்புக்குறியையே பிடித்துக்கொண்டார்கள். வசதிதான். ஆனால், அந்த வசதிக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. வந்து சேர்ந்த சரம் வெறும் தகவலா, கணினிக்கு இடும் கட்டளையா?

முட்டையை எந்த முனையில் உடைப்பது?

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. ஒரு பெரிய எண்ணைச் சில கணினிகள் பெரிய முனையிலிருந்து எழுதின, சில சிறிய முனையிலிருந்து எழுதின. ‘கலிவரின் பயணங்கள்’ கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை நடக்குமே, அதிலிருந்தே 1980இல் டேனி கோஹன் இந்தத் தகராறுக்குப் பெயர் எடுத்தார்.

1987இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ‘எக்ஸ்.டி.ஆர்.’ எனும் பொது விதியை வெளியிட்டது. உள்ளே எப்படி வைத்திருந்தாலும், அனுப்பும்போது பெரிய முனையே முதலில் வர வேண்டும் என்றது அந்த விதி.

இரு முனையும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் மின்னஞ்சல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாக வந்து நின்ற காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

ஜாவா தந்த வசதி

1997இல் வெளியான ஜாவா 1.1 பதிப்பு இந்த வேலையை மிகவும் சுலபமாக்கியது. ஒரு வகைப் பொருளைச் ‘சீரியலைசபிள்’ என்று குறித்துவிட்டால் போதும், கட்டுவதையும் பிரிப்பதையும் ஜாவாவே பார்த்துக்கொண்டது.

ஆனால், எந்த வகைப் பொருளைப் பூட்ட வேண்டும் என்பதையும் வந்த பொட்டலமே சொன்னது. பூட்டும்போதே அந்த வகைக்கு உரிய நிரல் வரிகளும் இயங்கின. அனுப்பியவர் அயோக்கியராக இருந்தால்?

2015 ஜனவரியில் கேப்ரியல் லாரன்ஸ், கிறிஸ் ஃப்ரோஹாஃப் ஆகிய இருவரும் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில் அதைச் செய்து காட்டினார்கள். பலரும் பயன்படுத்தும் ஒரு நிரல் தொகுப்பில் ஏற்கெனவே இருந்த பகுதிகளைக் கோத்து, பொட்டலத்தைப் பிரிக்கும் கணினியைத் தாங்கள் சொன்னபடி ஆட வைக்க முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில், பெரிய நிறுவனங்கள் நம்பியிருந்த பல சர்வர் மென்பொருள்களும் இதற்கு இரையாகக்கூடியவை என்பது வெளிப்பட்டது. 2017இல் ‘ஓவாஸ்ப்’ அமைப்பு வெளியிட்ட பத்துப் பெரிய ஆபத்துகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. 1997இல் எடுத்த முடிவு மிக மோசமான தவறு என்று 2018இல் ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்டே வெளிப்படையாகச் சொன்னார்.

குறைவாகச் சுமந்தது வென்றது

2001இல் டக்ளஸ் கிராக்ஃபோர்ட், சிப் மார்னிங்ஸ்டார் இருவரும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இருந்த ஒரு சிறு பகுதியைத் தகவல் அனுப்பப் பயன்படுத்தினர். அதுவே ‘ஜேசன்’. எண், எழுத்து, பட்டியல் போன்ற சிலவற்றை மட்டுமே அது சுமக்கும். கட்டளைகளுக்கு அதில் இடமில்லை.

அப்படியிருந்தும் ஆரம்பத்தில் பலர், வந்த சரத்தை ‘ஈவால்’ எனும் கட்டளையிடம் கொடுத்தே பிரித்தார்கள். அதுவோ எதைக் கொடுத்தாலும் நிரலாக எண்ணி இயக்கிவிடும். பழைய கேள்வி மறுபடியும் தலைதூக்கியது! தகவலாக மட்டுமே படிக்கும் வழி 2009இல்தான் ஜாவாஸ்கிரிப்டின் தர விதியில் சேர்ந்தது.

எளிமைக்கும் விலை உண்டு. தேதிக்கென்று ஜேசனில் தனி வடிவம் இல்லை. 16 இலக்கங்களைத் தாண்டும் எண்களை ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் கடைசி இலக்கங்கள் பிசகக்கூடும். 2010இல் டுவிட்டர் தன் பதிவு எண்கள் மிக நீளமாகப் போனபோது, அதே எண்ணை எழுத்து வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

நேயர்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள், பணியாற்றுகிறார்கள். அவர்கள் எழுதும் நிரலில் நம் வங்கிக் கணக்கும் மருத்துவப் பதிவும் பயணம் செய்கின்றன. முன்பின் தெரியாதவர் வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டியை நாம் உடனே திறப்பதில்லை. யார் அனுப்பியது என்று கேட்கிறோம். அவர்கள் எழுதும் நிரலும் பிரிப்பதற்கு முன் அதே கேள்வியைக் கேட்கட்டும்.